ரொட்டிக்காரர் வந்துபோன நாலு நிமிடம்

என் சமையலறைத் தராசின் பக்கவாட்டில் நீ ஒட்டிய பச்சை ஸ்டிக்கர் இன்று காலாவதியாகிவிட்டது.

தபால்தலையில் பாதிகூட இராது. எறும்பு ஊர்ந்தது போன்ற உன் எழுத்தில் சோதித்த தேதி, அதன் கீழே உன் சுருக்கக் கையெழுத்து, அதற்கும் கீழே அடுத்துச் சோதிக்க வேண்டிய தேதி. அந்த அடுத்த தேதிதான் இன்று. மீன் குழம்புக்கு மல்லியும் மிளகாயும் நிறுக்கப் போனவன் ஸ்டிக்கரைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். சோதிக்காத தராசில் நிறுத்தால் நீ சும்மா விடுவாயா? குழம்பு வைக்கவில்லை. மதியம் கடைச் சாப்பாடு.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தனிப்பெரும் அளவுகோலே, மில்லிகிராமின் மாமன்னரே, நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் இந்தத் தேதியில், மழையானாலும் புகைமூட்டமானாலும், ஷா ஆலமிலிருந்து காரோட்டி வந்து என் வாசலில் நிற்பாய். கையில் வெல்வெட் பதித்த மரப்பெட்டி. அதற்குள் எடைக்கற்கள் இளவரசர்கள் மாதிரி வரிசையாகப் படுத்திருக்கும். அவற்றைக் கையால் தொட மாட்டாய், இடுக்கியால்தான் எடுப்பாய். விரலின் எண்ணெய் பட்டால் எடை மாறிவிடுமாம். "டேய் ரேடியோ, தராசு பக்கம் மூச்சு விடாத, தள்ளி நில்லு," என்பாய். நாட்டிலுள்ள தராசுகளும் வெப்பமானிகளும் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற மனிதன், லிட்டில் இந்தியாவில் மசாலா அரைத்து விற்றவன் வீட்டுத் தராசுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வருவான். கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்தால் மாப்பிள்ளை தாலி கட்ட மறக்கும் அளவுக்குப் பேசுகிற என்னை, மூச்சை அடக்கி நிற்கவைத்த ஒரே மனிதன் இந்த அண்டசராசரத்தில் நீதான்.

தெரியும். அதற்கு மூன்று விரல்.

நான் எதையாவது சொன்னால் நீ வாயைத் திறக்க மாட்டாய். விரலைத் தூக்குவாய். இரண்டு விரல் என்றால் நான் சொன்னதை இரண்டால் வகுக்க வேண்டும். ஐந்து என்றால் ஐந்தால். காப்பார் கடலோரத்தில் நான் பிடித்த திருக்கை மீன் கார் கூரை அளவு என்று சொன்ன நாளில், இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு, நிதானமாகச் செருப்பைக் கழற்றிக் கால் விரல்களையும் சேர்த்துக்கொண்டாய். உன் மகள் கல்யாணத்தில், பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில், நான் ஒன்றரை மணி நேரம் வாழ்த்திப் பேசி இறங்கியபோது என் சட்டைப் பையின் மேல் ஏதோ ஒட்டினாய். வாழ்த்துச் சின்னம் என்று நினைத்துச் சாப்பாட்டுப் பந்தி முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுற்றினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உங்கள் ஆய்வுக்கூடத்தின் சிவப்பு ஸ்டிக்கர்: பழுது, பயன்படுத்த வேண்டாம்.

கையை மூடிக் காட்டினால் வகுக்க வேண்டாம், சொன்னது சொன்னபடியே சரி என்று அர்த்தம். அதை நான் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். உன் மகள் பிறந்த அன்று மருத்துவமனை நடையில் நின்று, "உலகத்துலேயே அழகான பிள்ளைடா," என்று கத்தினேன். கை மூடியது. என் வீட்டுக்காரி போன பதினாறாம் நாள், எல்லாரும் கிளம்பிய பிறகு, "வீடு காலியா இருக்குடா," என்றேன். மறுபடியும் மூடினாய். மூடிய அந்தக் கையை அன்று வெகுநேரம் என் முழங்கால்மேல் வைத்திருந்தாய்.

போன வாரம் அந்த அழகான பிள்ளை பெர்த்திலிருந்து எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். "மாமா, அடுத்த மாசம் அப்பா திவசத்துக்கு வரேன். பையனையும் கொண்டு வரேன். அப்பாவோட குரல் உங்ககிட்ட எதுலயாச்சும் இருக்கா? எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல மாமா. தேடித் தேடிப் பாத்துட்டேன்."

நீ போய் இரண்டு மாதம் கழித்துப் பிறந்த பேரன் அவன். தாத்தாவின் குரலைக் கேட்டதில்லை. நீ குரல் பதிவு அனுப்புகிற ஜாதியா? முற்றுப்புள்ளி வைத்து டைப் செய்கிற ஜாதி. கல்யாண வீடியோவில்கூட மூன்று மணி நேரமும் கைகூப்பி நிற்கிறாய். எல்லா இடத்திலும் கேட்பது மைக் பிடித்த என் குரல்தான்.

அப்போதுதான் அந்தப் பேட்டி ஞாபகம் வந்தது.

மூன்று வருடம் இருக்கும். பக்கத்து வீட்டு தர்ஷினி அப்போது நாலாம் படிவம். பள்ளி ஆண்டிதழுக்காக அறிவியல், தொழில்நுட்பத் துறையில் பெரிய பதவி வகித்தவர்களைச் சந்தித்து, அவர்கள் எந்த வழியாக அந்த இடத்துக்கு வந்தார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் வருகிறேன் என்று சொல்லிக் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளை முகம் வாடி நின்றது. "பட்டம் என்னம்மா பட்டம்! இந்த நாட்டோட எடையையே இடுக்கியில புடிச்சு வச்சிருக்கற மனுசனைக் கொண்டாறேன்," என்றேன். நீ மாட்டேன் என்றாய். முறுக்கு இருக்கிறது என்றேன். வந்தாய்.

என் வீட்டு முன்வாசலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தோம். தர்ஷினி கையில் கேள்விகள் எழுதிய தாள். அவளோடு படிக்கும் லோகேஸ் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்தான். அந்தப் பதிவு அழியவில்லை. இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கும் தர்ஷினி, போன ஞாயிற்றுக்கிழமை அதைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதே நாற்காலிகளில் உட்கார்ந்து கேட்டோம். உன் நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கவில்லை. பேப்பர் கட்டு ஒன்று இருந்தது.

"சார், மொதல் கேள்வி. நீங்க எப்படி இந்தத் துறைக்கு வந்தீங்க?"

நாற்காலி நகரும் சத்தம். உன் செருமல். நான் முன்னால் குனிந்தேன். இதோ பேசப் போகிறாய்.

இடி விழுந்தது. என் குரல்.

"இவன் எங்கம்மா வந்தான்? கொண்டு வரப்பட்டான்! எழுதிக்க. காப்பார்லருந்து ஷா ஆலமுக்கு இவனைப் பின்னால உக்கார வச்சு மோட்டார்ல கொண்டு போனது யாரு? அடியேன். என்னை மாதிரி ஒரு கூட்டாளி இந்த உலகத்துலேயே யாருக்கும் கிடையாது, அதையும் எழுதிக்க."

"அங்கிள், நாங்க சார்கிட்டதான் கேட்டோம்லா," என்றது லோகேஸின் குரல்.

"சார் வேற நான் வேறயா? சாரோட வாய் தம்பி நானு."

அந்தக் கதையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் பதிவில் நான் சொன்னதை நீ மறுபடியும் கேட்கத்தான் வேண்டும். நமக்கு இருபது வயது. உனக்கு ஆய்வுக்கூட வேலைக்கு நேர்முகத் தேர்வு. உள்ளே மூன்று துவான்கள், பெரிய அதிகாரிகள், கேள்வி கேட்கிறார்கள், நீ ஊமையாய் உட்கார்ந்திருக்கிறாய். கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "துவான், இவனைச் சாதாரணமா நினைக்காதீங்க. காப்பார் பாசார்ல மீனைக் கையில தூக்கிப் பாத்தே கிராம் சுத்தமா எடை சொல்லுவான்," என்று மலாயில் முழங்கினேன். காவலாளி வந்து என்னை வெளியே தள்ளினான். கதவு சாத்தப்பட்டது. பிறகு ஒரு துவான் உன் கையில் ஓர் இரும்புக் குண்டைக் கொடுத்தார். நீ கண்ணை மூடினாய். நானூற்று எண்பத்தேழு கிராம் என்றாய். நிறுத்துப் பார்த்தார்கள். மயிரிழை பிசகவில்லை. மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வேலை கிடைத்தது.

கதவு சாத்திய பிறகு நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? மோட்டார் கிள்ளான் பாலத்தைத் தாண்டுவதற்குள் கதை தயாராகிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த நீ எத்தனை விரல் தூக்கினாயோ, எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் அதையே சொல்லி வந்தேன். உன் பணி ஓய்வு விருந்தில் சொன்னபோது குண்டு இரண்டாகியிருந்தது.

இரண்டாம் கேள்வி. நான். மூன்றாம் கேள்வி. நான். "உங்க தோல்விகளப் பத்திச் சொல்லுங்க சார்." "தோல்வியா? இவனுக்கா?" நான். நாற்பத்திரண்டு நிமிடப் பதிவில் அரை மணி நேரம் ஓடிவிட்டது. அதுவரை உன் குரல் ஒரு செருமல், இரண்டு 'ம்', ஒரு "சீனி போடாத ரேடியோ." அவ்வளவுதான்.

இதை எப்படி உன் மகளுக்குக் கொடுப்பேன்? அந்தப் பிள்ளை தன் மகனை மடியில் வைத்து, தாத்தா பேசுறாருடா என்று இதைப் போட்டால், என் குரல்தான் கத்தும். "தர்ஷினி, இது அழிஞ்சுபோச்சுன்னு சொல்லிடலாமாம்மா?" என்று கேட்டேன்.

அவள் பதிவை முதல் கேள்வி வரைக்கும் பின்னால் தள்ளினாள். "இங்க கேளுங்க அங்கிள்."

"நிறுத்துப் பாத்தா மயிரிழை பிசகல!" என்கிறேன் நான். அப்புறம் ஒரு நொடி அமைதி. உடனே பிள்ளைகள் இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நான் நகைச்சுவையாக எதுவும் சொல்லவில்லையே, ஏன் சிரிக்கிறார்கள்?

பிறகு புரிந்தது. நீ விரல் காட்டியிருக்கிறாய். அந்த வகுத்தல் கணக்கு பிள்ளைகளுக்கும் தெரியும்.

அதற்கப்புறம் பதிவு முழுக்க நீ இருந்தாய். என் பேச்சு முடியும் இடத்தில் எல்லாம் ஒரு சின்ன அமைதி, அதன் பின்னால் சிரிப்பு. சில இடத்தில் ஒருவர் மட்டும் சிரிக்கிறார், அது இரண்டு விரல். ஓரிடத்தில் லோகேஸுக்குப் புரை ஏறுகிறது, அது நிச்சயம் பத்து. ஓரிடத்தில் செருப்புச் சத்தம்கூடக் கேட்டது.

"இன்னும் ரொட்டிக்காரர் வரலை அங்கிள்," என்றாள் தர்ஷினி. "அது வரைக்கும் பொறுங்க."

முப்பத்தி மூன்றாம் நிமிடத்தில் தெருவில் ஹாரன் கேட்டது. தெருத்தெருவாக ரொட்டி விற்றுவரும் ரொட்டிக்காரரின் மோட்டார். "அஞ்சு நிமிசம், காயா ஜாம் பன் வாங்கியாறேன். யாரும் எதுவும் பேசிடாதீங்க!" என்ற என் குரல் தூரமாகப் போனது. கேட் கிறீச்சிட்டது. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்.

அப்புறம் நீ பேசினாய்.

"கேள்வி ஒண்ணுக்கே திரும்பப் போவோமாம்மா?"

கடவுளே, அந்தக் குரல். அரைக்கால் கிராமைக்கூடக் கீழே சிந்தாத அந்தக் குரல்.

"இவன் வெளிய போனதும் அந்தத் துவான் மேசை மேல இருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து என் கையில வச்சாரு. சொல்லு, எவ்வளவுன்னாரு. அது வரைக்கும் எனக்கு வாயே வரலை. கை வேர்த்து ஊத்துது. தெரியாது துவான்னேன். என் கூட்டாளி சொன்னது பொய், கையால யாராலயும் சொல்ல முடியாது, தராசு வேணும்னேன். அங்க ஒரு தராசு இருந்துச்சு. அதுல வைன்னாரு. நான் வைக்கலை. இந்தத் தராசு சரியா காட்டுதான்னு கடைசியா எப்ப பாத்தீங்கன்னு கேட்டேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், மூக்கால்.

"மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நீயா இருந்தா எப்படிப் பாப்பேன்னு கேட்டாங்க. எனக்குத் தோணுனதையெல்லாம் சொன்னேன். அப்படித்தான் வேலை கெடைச்சுச்சு."

பின்னணியில் கேட் பக்கமிருந்து என் குரல், ரொட்டிக்காரரிடம்: "போன வாரம் பெஞ்ச மழையில எங்க வீட்டுக் கூடத்துலயே கெளுத்தி மீன் நீந்துச்சு பாஸ்!" நீ பேசுவது அதற்குள் அமுங்கிப் போகிறது. வாயை மூடுடா ரேடியோ, வாயை மூடு என்று கைப்பேசியைப் பார்த்து நானே கத்தினேன். மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தத் தடியனுக்கு அது கேட்கவா போகிறது?

"அப்ப ரேடியோ அங்கிள் சொன்னதெல்லாம் பொய்யா சார்?" இது லோகேஸ்.

"பொய்தான். ஆனா அவன் அந்தப் பொய்யைச் சொல்லலைன்னா நான் ஊமையாவே எந்திரிச்சு வந்திருப்பேன். தப்பா ஒண்ணைச் சொல்லிட்டுப் போயிட்டானே, திருத்தணுமேன்னுதான் எனக்குப் பேச்சே வந்துச்சு."

"இத அவருகிட்ட நீங்க சொன்னதே இல்லையா?"

"அவன் கேக்கவே இல்லையேம்மா," என்றாய்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது மாதிரிச் சொன்னாய். மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று நாற்பது வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் உன்னைக் கேட்டதில்லை. உனக்குக் கேள்வி எழுதிக் கொண்டுவர இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரவேண்டியிருந்தது. அந்தக் கேள்விக்கும் நானே பதில் சொன்னேன்.

"இதப் புத்தகத்துல போடாதீங்க," என்றாய் அடுத்து. "அவன் கதையவே போடுங்க. அவன் கதைதான் நல்லா இருக்கு."

அதைத்தான் போட்டார்கள். நானூற்று எண்பத்தேழு கிராம் என்று அச்சில் வந்தது. மில்லிகிராம் பிசகினால் ராத்தூக்கம் போகிற மனிதன், அந்த ஆண்டிதழைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டில் முறுக்குத் தின்றாய். மூன்று விரல்கூடக் காட்டவில்லை. நான் அதை வெற்றி என்று எண்ணி ஊரெல்லாம் அந்த ஆண்டிதழைக் கொடுத்தேன்.

ரொட்டிக்காரர் கிளம்புவதற்குள் கடைசியாக தர்ஷினி கேட்கிறாள். "சார், தன்னை மாதிரி கூட்டாளி உலகத்துலேயே யாருக்கும் கிடையாதுன்னு ரேடியோ அங்கிள் சொன்னாரே, அதுக்கு மட்டும் நீங்க விரல் காட்டலையே. அத எத்தனையால வகுக்கணும்?"

மின்விசிறிச் சத்தம். கேட் பக்கம் என் கெளுத்தி மீன் இன்னும் நீந்துகிறது. யாரும் சிரிக்கவில்லை. பிறகு கேட் கிறீச்சிட்டது. "என்ன, நான் இல்லாம மயான அமைதியா இருக்கு!" என்று நான் வந்துவிட்டேன். நாலு நிமிடம் முடிந்தது.

"அந்தக் கேள்விக்கு சார் என்னம்மா சொன்னாரு?" பதிவை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல அங்கிள். கையை மூடிக் காட்டினாரு." அவள் தன் கையை மடக்கி நீட்டினாள். "எங்களுக்குப் புரியல. கெளம்பும்போது முட்டையான்னு லோகேஸ் கேட்டான். சார் சிரிச்சிக்கிட்டே இருந்தாரு."

நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் கடல் அளவு தண்ணீர் குடித்தேன். சரி, ஒரு தம்ளர். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பி வந்தபோது தர்ஷினி மெதுவாகச் சொன்னாள். "அந்த நாலு நிமிசத்த மட்டும் தனியா வெட்டிக் குடுத்துடவா அங்கிள்? அக்காவுக்கு அனுப்ப ஈஸியா இருக்கும்."

முதலில் சரி என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். அதில் நான் தூரத்தில் மட்டும்தான் இருக்கிறேன், உன் பேரனுக்கு அது போதும். பிறகு வேண்டாம் என்றேன். வெட்டினால் மிச்சமுள்ள முப்பத்தெட்டு நிமிடமும் வெறும் என் சத்தமாகிவிடும். உன் அமைதிகளை எல்லாம் தூக்கிப் போட நான் யார்?

அதனால் ஒரு வேலையைக் கையில் எடுத்திருக்கிறேன். தினமும் ஒரு தடவை முழுப் பதிவையும் கேட்கிறேன். ஒரு தாளில் எத்தனையாவது நிமிடத்தில் எத்தனை விரல் என்று குறித்து வருகிறேன். நான் சொன்ன பொய்யின் அளவு எனக்குத் தெரியும், நீ எத்தனை தூக்கியிருப்பாய் என்பதும் தெரியும். நாற்பது வருடம் பார்த்த கை. மூன்று இடங்களில் மட்டும் ஐந்தா ஆறா என்று சந்தேகம். லோகேஸைக் கேட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் உன் வீட்டுக் கூடத்தில் பதிவு ஓடும். உன் மகள் கேட்பாள். உன் பேரனை என் மடியில் வாங்கிக்கொள்வேன். என் குரல் முழங்கும், நான் வாயைத் திறக்க மாட்டேன். நம்பு, சத்தியம். ஒவ்வொரு அமைதியிலும் அவன் கண்ணுக்கு முன்னால் விரலைத் தூக்கிக் காட்டுவேன். உன் தாத்தா இங்கே இரண்டு. இங்கே ஏழு. இங்கே பத்தும், செருப்பைக் கழற்றிக் காலும். ரொட்டிக்காரர் வந்துபோகட்டும். அந்தக் கடைசி அமைதி வரும்போது கையை மூடுவேன்.

விரல் கணக்கு ஒன்றிரண்டு பிசகலாம். பிளஸ் ஆர் மைனஸ் போட்டுக்கொள்.